நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போதைப் பழக்கம் என்று தலைப்பைப் பார்த்ததும் உங்களில் சிலர், ‘இது நம் வீட்டுக்கு இல்லை, பக்கத்து பிளாக்குக்கு’ என்று நினைத்திருப்பீர்கள். ஆகவே ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். இன்று காலை காபி குடித்த எல்லோருக்கும் இந்தப் பேச்சில் பங்கு உண்டு. இரவு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிகப் பங்கு உண்டு.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எங்கள் ஊழியர் சங்கத்தின் நலக் குழுவில் பல வருடங்கள் இருந்தேன். குடியினால் வேலைக்கு வராமல் போகிற தோழர்களைச் சிகிச்சைக்கு அழைத்துப் போவதும், அவர்கள் வீட்டாரிடம் பேசுவதும் அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. அங்கே டாக்டர்களும் நர்ஸ்களும் சொல்லிக் கேட்டதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப் போகிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல மாட்டேன். அது உங்கள் டாக்டரின் வேலை.

குடிக்காதே, புகைக்காதே என்று புத்தி சொல்லவும் வரவில்லை. அது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். பல நாள் பழகிய பொருளை உடம்பு தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தினால், சில பொருள்களில், உயிருக்கே ஆபத்து. “இன்றோடு விட்டுவிடு” என்று நாம் நல்ல எண்ணத்தில் சொல்கிற வார்த்தை சிலரை ஐ.சி.யூ. வரை கொண்டுபோயிருக்கிறது.

காபியில் தெரியும் கணக்கு

ஏகாதசி விரதம் என்று காபியை விட்டவர்களுக்கும், ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு லேபில் காத்திருந்தவர்களுக்கும் ஒரு தலைவலி தெரியும். கடைசிக் காபி குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் அதிகமாக இருக்கும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். ஒரு டம்ளர் காபி உள்ளே போனதும் மாயமாக மறைந்துவிடும்.

இது ஏன் வருகிறது? நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அதற்கென்று மூளையில் சில இருக்கைகள் உண்டு. அதில் போய் உட்கார்ந்தால் நமக்குக் கண் சொக்கும். காபியில் இருக்கும் காஃபின் என்ன செய்கிறது? பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல அந்த இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் நின்றுகொண்டே வர வேண்டியதுதான். நமக்குத் தூக்கம் வராது.

ஆனால் மூளை சும்மா இருக்காது. தினமும் இப்படி நடந்தால், ‘இருக்கை போதவில்லை போல’ என்று கூடுதல் இருக்கை போட்டுவிடும். அப்புறம் ஒரு டம்ளர் காபியில் பழைய சுறுசுறுப்பு வராது, இரண்டாவது தேவைப்படும். இதைத்தான் டாக்டர்கள் டாலரன்ஸ் என்கிறார்கள். தமிழில் தாங்குதிறன் என்று எழுதுகிறார்கள். ஒரு நாள் காபியை நிறுத்திவிட்டால், கூடுதலாகப் போட்ட இருக்கை எல்லாவற்றிலும் அடினோசின் வந்து உட்காரும். மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும். தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் வரும். இது விலகல் அறிகுறி.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் இருப்பாய்வு சரிக்கட்டாது. உடம்பும் அப்படித்தான். வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து ஒரு பக்கம் தள்ளினால், உடம்பு அதற்கு நேர்மாறாக ஒரு பதிவைப் போட்டுச் சமன் செய்கிறது. பொருளைத் திடீரென்று நிறுத்தும்போது அந்தப் பற்று நின்றுவிடுகிறது. எதிரே போட்ட பதிவு மட்டும் அப்படியே நிற்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துத் திருத்த உடம்புக்கு நாளாகும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரு பொருள் என்ன செய்ததோ, அதற்கு நேர் எதிரானதுதான் விலகல் அறிகுறியாக வரும். காபி விழிக்க வைக்கும், விட்டால் தூங்கி வழிவோம். மார்ஃபின் வகை மருந்துகள் வலியைக் குறைக்கும், மலச்சிக்கல் தரும். விட்டால் உடம்பெல்லாம் வலி, வயிற்றுப்போக்கு, மூக்கில் நீர், கொட்டாவி, மயிர்க்கூச்சம். மதுவும் தூக்க மாத்திரையும் நரம்பை அடக்கி வைக்கும். விட்டால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, பயம், வலிப்பு.

சளிக்கு மூக்கில் விடும் சொட்டு மருந்துகூட இப்படித்தான். சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகை மருந்தைச் சில நாளைக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். அடைப்புக்காக மறுபடி மருந்து, மருந்தினால் மறுபடி அடைப்பு என்று மாதக்கணக்கில் ஓடும். இதில் போதை எங்கே இருக்கிறது? குணக்கேடு எங்கே இருக்கிறது? கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

மூன்று வார்த்தைகள், மூன்று பொருள்

நாம் எல்லாவற்றையும் ‘அடிமை’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். டாக்டர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, இப்போது பார்த்த தாங்குதிறன். அதே பலனுக்கு அளவு கூட வேண்டியிருப்பது. “எங்கள் அண்ணன் எவ்வளவு குடித்தாலும் ஸ்டெடியாக இருப்பார்” என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அது உடம்பின் வலிமைக்கு அடையாளம் இல்லை. மூளை எதிர்ப்பதிவு போட்டுக் களைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நடை தள்ளாடாவிட்டாலும் ஈரல் அதே அளவு மதுவைத்தான் வாங்கிக்கொள்கிறது.

இரண்டாவது, சார்பு. பொருள் இல்லாவிட்டால் உடம்பு தொல்லைப்படுவது. இது யாருக்கும் வரும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தருகிற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை, உதாரணமாக மெட்டோபுரோலால், திடீரென்று நிறுத்தக் கூடாது, நெஞ்சுவலி வரலாம். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டையும் அப்படி நிறுத்தக் கூடாது. அதற்காக அவர்களை நாம் அடிமைகள் என்பதில்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கும் உடம்பு சார்ந்திருக்கும். அவர் போதைக்காரர் இல்லை. “பழகிவிடும்” என்று பயந்து வலியில் துடிக்கும் நோயாளிக்கு மருந்து கொடுக்காமல் இருப்பது பெரிய கொடுமை.

மூன்றாவதுதான் அடிமை நிலை. தனக்கும் குடும்பத்துக்கும் கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் தேடிப் போவது. அளவு கையில் நிற்காமல் போவது. வேலை, பணம், உறவு எல்லாம் அதற்குப் பின்னால் போய்விடுவது.

உடம்பின் சார்பைச் சில நாளிலோ சில வாரங்களிலோ சரிசெய்துவிடலாம். மூன்றாவதற்குத்தான் மாதங்களும் வருடங்களும் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், “பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தானே, மறுபடி ஏன் குடிக்கிறான்?” என்று வீட்டார் மனம் உடைகிறார்கள். அந்தப் பத்து நாளில் முடிந்தது முதல் அத்தியாயம் மட்டுமே.

மது: முதல் நான்கு நாட்கள்

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். அதில் சார்பு நிலைக்குப் போய்விட்டவர்கள் சுமார் 2.9 கோடி. இத்தனை பேர் இருக்கும்போது எந்த அடுக்குமாடிக் குடியிருப்பும் விலக்காக இருக்க முடியாது.

எங்கள் கிளையில் கேஷ் கவுன்டரில் இருந்த ஒரு நண்பர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சேர்க்கும்போது “மதுப் பழக்கம் உண்டா?” என்று கேட்டிருக்கிறார்கள். மகள் பக்கத்தில் நிற்கிறாள், மாப்பிள்ளை நிற்கிறார். “எப்போதாவது, பார்ட்டியில்” என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அவர் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு காற்றில் நோட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. மயக்க மருந்தின் விளைவு என்றார் ஒருவர். மந்திரிக்க ஆள் கூட்டி வரலாமா என்றார் இன்னொருவர்.

விடியும் நேரத்தில் அவர் மனைவி டூட்டி டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, “தினமும் உண்டு டாக்டர், பதினைந்து வருடமாக” என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் சரியான சிகிச்சை ஆரம்பித்தது. ஐந்தாறு நாளில் தெளிந்துவிட்டார். அந்த ஒரு வாக்கியம் முதல் நாளே டாக்டருக்குக் கிடைத்திருந்தால் அந்த இரவே வந்திருக்காது.

அவருக்கு வந்ததன் பெயர் டெலிரியம் டிரெமன்ஸ். மூளைக்குக் காபா என்று ஒரு பிரேக்கும், குளூட்டமேட் என்று ஒரு ஆக்ஸிலரேட்டரும் உண்டு. மது பிரேக்கை அழுத்துகிறது. வருடக்கணக்கில் பிரேக் அழுந்தியே இருந்தால் மூளை என்ன செய்யும்? பிரேக்கைத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டி வண்டியை ஓட்டும். திடீரென்று மதுவை எடுத்துவிட்டால், தளர்ந்த பிரேக்கோடு வண்டி சீறிக் கிளம்பும்.

அதற்கு ஒரு கால அட்டவணை உண்டு. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பிறகு கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், அதாவது மூன்றாம் நான்காம் நாளில், சிலருக்கு மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, கடும் காய்ச்சல், ரத்த அழுத்த ஏற்றம் வரும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். எல்லோருக்கும் இவ்வளவு தூரம் போகாது. பல வருடம் தினமும் குடித்தவர்களுக்கும், முன்பு ஒருமுறை இப்படி வந்தவர்களுக்கும் அபாயம் அதிகம்.

சிகிச்சை கடினமானதல்ல. நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துகிறார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1 தருகிறார்கள். அது குறைந்துபோனால் நினைவாற்றலே நிரந்தரமாகக் கெடலாம். இத்தனைக்கும் தேவை, டாக்டரிடம் உண்மையைச் சொல்வது.

நம் பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு அன்றே குடியை விடுகிற வழக்கம் உண்டு. பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதும் உண்டு. அந்த மன உறுதியை நான் மதிக்கிறேன். பலருக்கு அதுவே திருப்புமுனை. ஆனால் தினமும் குடிப்பவர் என்றால், மாலை போடுவதற்கு முன்பே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இந்தக் கணக்கை நாடே பார்த்தது. கேரளாவில் விலகல் அறிகுறி உள்ளவர்களுக்கு டாக்டர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அரசு உத்தரவு போட்டது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. டாக்டர்கள் சொன்னது சரியான வாதம்: விலகலுக்குச் சோதித்த மருந்துகள் இருக்கும்போது மதுவையே மருந்தாக எழுதித் தர முடியாது. ஆனால் அரசு கவலைப்பட்ட ஆபத்தும் பொய்யில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், முக்கியமாக வீட்டிலுள்ள பெண்களுக்கு. ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடி நிற்கும்’ என்று விளம்பரங்கள் வருகின்றன. குடியை நிறுத்த டைசல்பிராம் என்ற மருந்து உண்மையிலேயே உண்டு. அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு இதயமே பாதிக்கும். அதனால்தான் டாக்டர்கள் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதத்தோடு மட்டும் தருகிறார்கள். தெரியாமல் கலந்து கொடுத்தால், அவருக்குக் குடிக்கக் கூடாது என்பதே தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் மாத்திரை

இப்போது என் வயதுக்காரர்களிடம் வருகிறேன். லிப்ரியம் என்ற மருந்து 1960-இல் விற்பனைக்கு வந்தது, வேலியம் 1963-இல். அந்தக் குடும்பத்தில் பிறந்தவைதான் இன்று பல வீடுகளில் இருக்கும் அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம் எல்லாம். குறுகிய காலத்துக்கு மிக நல்ல மருந்துகள். வேலை செய்வது மது தொடும் அதே காபா பிரேக்கில்.

துணையை இழந்த துக்கத்திலோ, ஆபரேஷன் முடிந்த சமயத்திலோ டாக்டர் பத்து நாளைக்கு எழுதித் தருவார். நாம் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துப் பத்து வருடம் ஓட்டுகிறோம். தூங்க வைக்கும் சக்திக்குச் சில வாரங்களிலேயே தாங்குதிறன் வந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த மாத்திரை பெரும்பாலும் தன்னுடைய விலகல் அறிகுறியைத் தானே தடுத்துக்கொண்டிருக்கிறது. வங்கி மொழியில் சொன்னால், வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம், அசல் குறையவே இல்லை. ஒரு நாள் போடாவிட்டால் தூக்கம் வருவதில்லை. ‘பார், இது இல்லாமல் முடியாது’ என்று தோன்றுகிறது. இதற்கிடையில் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறி விழுவது, மறதி இவையெல்லாம் வயதின் கணக்கில் போய்விடுகின்றன. வயதானவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் இந்த வகையும் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி பெண் வீட்டுக்கு ஆறு மாதம் அமெரிக்கா போனார்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கணக்குப் போட்டு எடுத்துப் போனார்கள். தூக்க மாத்திரையை மட்டும், ‘இதற்கு எதற்கு’ என்று அம்மா விட்டுவிட்டார். போன மறுநாளிலிருந்து தூக்கம் இல்லை, கை நடுங்குகிறது, காரணமில்லாத பயம். ஜெட் லாக் என்று நினைத்தார்கள். ஐந்தாம் நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். அதற்கு முன் அவர் வாழ்நாளில் வலிப்பே வந்ததில்லை.

ஆகவே என் பேச்சைக் கேட்டுவிட்டு இன்று ராத்திரியே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. இங்கிலாந்தில் நியூகாசிலில் டாக்டர் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர், இந்த மாத்திரையிலிருந்து விடுபட விரும்பியவர்களுக்கென்றே 1982 முதல் 1994 வரை ஒரு கிளினிக் நடத்தினார். அவர் காட்டிய வழி மிக மெதுவான வழி. அளவைச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில், நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு மாதக்கணக்கில் குறைப்பது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பும் 2020-இல் இந்த மருந்துகளின் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கடுமையாக்கி, சார்பையும் திடீர் நிறுத்தத்தின் ஆபத்தையும் அதில் சேர்த்தது. நம் நாட்டில் அல்பிரசோலம் 2014 முதல் எச்1 அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் கடைக்காரர் அதற்கென்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தெரிந்த கடை என்று சீட்டில்லாமல் வாங்குவது நமக்கு நாமே செய்துகொள்ளும் உதவி அல்ல.

ஒரு வித்தியாசத்தையும் நினைவில் வையுங்கள். காபி, சிகரெட், பாக்குப் புகையிலை இவற்றை ஒரே நாளில் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்தில்லை. புகையிலையில் முதல் மூன்று நாள் மிகக் கஷ்டம். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். நிக்கோடின் சூயிங்கம் போன்ற உதவிகள் உண்டு. மார்ஃபின், ஹெராயின் வகை விலகல் பெரிய சித்திரவதை, மருந்தோடு கடந்தால் எளிது. மதுவும் தூக்க மாத்திரையும்தான் திடீரென்று நிறுத்தினால் உயிரைத் தொடக்கூடியவை.

விட்ட பிறகு வரும் ஆபத்து

இளைஞர்கள் வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் செய்திகளைப் பேப்பரில் படிக்கிறோம். இந்த வகை மருந்தின் அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். இதில் பெற்றோருக்குத் தெரிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சிகிச்சை முடிந்து சில வாரம் விலகி இருந்தவரின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. நல்ல செய்திதான். ஆனால் ஒரு பலவீனமான நாளில் அவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால், முன்பு தாங்கிய அதே அளவு இப்போது கொல்லும். மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருந்தால், யார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காமல் உடனே 108. ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தில் போய்ச் சேர்ந்தால் உயிர் பிழைக்கும்.

ஷெப்பர்ட் சீகல் என்ற கனடா நாட்டு உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1982-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரே அதிக அளவைக் கொடுத்தார்கள். வழக்கமாக மருந்து பெற்ற அதே அறையில் பெற்றவற்றில் 32 சதவீதம் இறந்தன. புது இடத்தில் பெற்றவற்றில் 64 சதவீதம் இறந்தன. அதாவது உடம்பு அந்த இடத்தைப் பார்த்ததுமே முன்கூட்டி எதிர்ப்பதிவு போட்டுத் தயாராகிவிடுகிறது. குடியை விட்டவர் பழைய கடை வாசலைக் கடக்கும்போது உடம்பு பதறுவதும் இந்தக் கணக்கினால்தான். இடமும் நேரமும் கூட்டாளிகளும்கூடப் பேரேட்டில் ஏறியிருக்கிறார்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டுமா?

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு ஒரு பதில் வியட்நாம் போரில் கிடைத்தது. 1971-இல் அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் ஹெராயினில் விழுந்துவிட்டார்கள் என்று அரசு அஞ்சியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், நாடு திரும்பியவர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தார். சுமார் 20 சதவீதம் பேர் அங்கே அதற்கு அடிமையாகியிருந்தார்கள். அவர்களில், ஊர் திரும்பிய மூன்று வருடத்துக்குள் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 12 சதவீதம் மட்டுமே. பலருக்கு அதை நம்பவே முடியவில்லை.

போர்க்களம் இல்லை, பயம் இல்லை, கையெட்டும் தூரத்தில் சரக்கு இல்லை, அதே கூட்டாளிகள் இல்லை. வீடு, வேலை, மனிதர்கள் இருந்தார்கள். இதனால் எல்லோருக்கும் எளிது என்று சொல்ல முடியாது. நம் ஊரில் குடியை விட்டவர் அதே தெருவுக்குத்தான் திரும்பி வருகிறார். அதனால்தான் அந்தத் தெருவில் இருக்கும் நமக்கும் வேலை இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று, ஆஸ்பத்திரியில் சேரும்போது மது, புகையிலை, தூக்க மாத்திரை மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். உறவினர் முன் சொல்ல முடியாவிட்டால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இரண்டு, வெளியூர் போகும்போது தினசரி மாத்திரை எல்லாவற்றையும் டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

மூன்று, தினமும் குடிப்பவர் விட விரும்பினால் தேதி குறிப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் அது அவசர நிலை.

நான்கு, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416. புகையிலையை விட 1800-11-2356. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு மையம் இந்தத் துறையில் நம் நாட்டின் முன்னோடி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள் சார்ந்த பாதிப்புகளையும் மனநலப் பாதிப்பில் சேர்த்திருக்கிறது. அதாவது சட்டமே இதைச் சிகிச்சைக்குரிய விஷயமாகப் பார்க்கிறது.

ஐந்து, சிகிச்சை முடிந்து ஒருவர் திரும்பி வந்தால் லிஃப்டில் பழையபடி பேசுங்கள். “எப்படி, விட்டாச்சா?” என்று விசாரிக்க வேண்டாம். கிரிக்கெட் பற்றிப் பேசுங்கள், மெட்ரோ வாட்டர் வராததைப் பற்றிப் பேசுங்கள். மொட்டை மாடி விருந்தில் “ஒரே ஒரு ரவுண்டு” என்று யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் ஜாடை மாடையாக எழுத வேண்டாம். அவர் மறுபடி விழுந்தாலும் கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் திரும்பப் போவது போல, இதற்கும் திரும்பப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. முதல் தடவை அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஏறுவதுதான் ரொம்பக் கஷ்டம் என்று என் நண்பர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த நிலை இருந்து, கூட வர ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். முப்பத்தாறு வருடம் மற்றவர்களுடைய கணக்கை ரகசியமாக வைத்திருந்தவன்தானே.